குந்து

பிஸ்டன் என்று பெயர் வைத்தது அவர்.
மெக்கானிக் ஷெட்டில்
ஆயில் டின்னுக்குப் பின்னால் கிடைத்த குட்டி.

மூன்று பாக்கெட் பொறை தீர்ந்துவிட்டது
ஒரே ஒரு சொல்லுக்கு.
அவர் சிட் என்பார்
ஜெனிட்டா உட்காரு என்பாள்
நான் ஏய் என்பேன்.
எல்லாவற்றுக்கும் அது வாலை ஆட்டும்.

ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி.
கீழே கூட்டிப்போய் அரைமணி நின்றால் வராது.
மேலே வந்து
மிதியடியில் பெய்யும்.
இடது கால் செருப்பு மட்டும்தான் ருசி போல;
என்னிடம் இப்போது வலதுகள் நான்கு.

கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் போச்சு,
சங்கிலியோடு என்னையும் இழுத்துக்கொண்டு
இட்லி வண்டிக்கு அடியில் புகும்.

நேற்று காசிமேட்டில்
செலின் அக்கா சங்கரா ஆய்ந்துகொண்டிருந்தாள்.
கூடைக்குள் இது மூக்கை நீட்ட
தலை நிமிராமல் சொன்னாள்:
"டேய், குந்து."

குந்தியது.
பின்னங்கால் இரண்டையும் ஒழுங்காக மடக்கி,
ரேஷன் கடையில் டோக்கன் வாங்கிய ஆள் மாதிரி.

ராத்திரி வீட்டில்
அதே குரலை வரவழைத்து
குந்து என்றேன்.

பிஸ்டன் கொட்டாவி விட்டது.
கைகழுவிக்கொண்டு வந்த அவர்தான்
பேசாமல்
தட்டுக்கு முன்னால் குந்தினார்.