உப்பு ஜாடி

கப்பலூர் சிட்கோ, மூன்றாம் கேன்டீன்.
தகரக் கூரைக்கு மேல் பன்னிரண்டு மணி.
பற்றவைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.
எரியலையே என்றாள் விருமாயி.
எரியுது என்றேன்.

புகை இல்லை. வாடை இல்லை.
நீலம்கூட இல்லை இந்த வெளிச்சத்தில்.
பர்னருக்கு மேலே காற்று மட்டும்
நாலுவழிச் சாலைத் தாரைப் போல் நெளிந்தது.
நம்பாமல்
விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி நீட்டினாள்.
நுனி கறுத்துச் சுருண்டது.
வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

எனக்குப் பாடம் மனப்பாடம்:
ஒரு கார்பன், நாலு ஹைட்ரஜன்,
கூடவே கட்டுச்சோறு மாதிரி ஓர் ஆக்ஸிஜன்,
அதனால் மிச்சம் வைக்காமல் எரியும்,
சட்டி அடியில் கரி அப்பாது,
இதே திரவத்தில் பஸ்கூட ஓடும்.
விரல்விட்டுக் கணக்குப் போட்டவள்
டீசலைவிட ரெண்டு மடங்கு குடிக்குமே தம்பி என்றாள்.
வாஸ்தவம்.
கம்பெனி அதைக் கடைசிப் பக்கத்தில்
பொடி எழுத்தில் வைத்திருந்தது.

குடிக்கும் என்று சொன்ன வாயோடு
கேன் மேலிருந்த மண்டையோட்டைப் பார்த்தாள்.

'மெத்தனாலா?'

ஆமாம்.

'எந்தம்பி ஒச்சப்பன் குடிச்சது இதத்தான்.
பெரியாஸ்பத்திரியில ரெண்டாம் நாளு
யக்கா லைட்டப் போடு, லைட்டப் போடுன்னான்.
பட்டப்பகலு.
சன்னலுக்கு நேராத்தான் கட்டிலு.'

இதற்குப் பக்கம் இல்லை என்னிடம்.
பயிற்சியில் காட்டிய வித்தை ஒன்றுதான் ஞாபகம் வந்தது.
கொஞ்சம் உப்புப் போட்டுப் பாருங்க என்றேன்.

ஜாடிக்குள் கைவிட்டு
சாம்பாருக்குப் போடுவது போலவே போட்டாள்.

முழ உயரத்துக்கு மஞ்சளாய் எழுந்து நின்றது.
மூச்சுவிடும் நேரம்.
பிறகு மறுபடி வெறும் காற்று.

'இம்புட்டு நேரமும் இங்ஙனதான் நின்னியா'
என்றாள்.
என்னிடம் இல்லை.

ஒரு மணிச் சங்குக்கு நானூறு சாப்பாடு.
அண்டாவை ஏற்றினாள்.
கேனை ஸ்டோரில் வைக்கப்போன என்னை நிறுத்தி
பூட்டு வாங்கி வரச் சொன்னாள்.
சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.
லோடுமேன்கள் நுழைகையில்
ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தாள்.

அடுத்த வாரம் மீட்டர் குறிக்கப் போனேன்.
அண்டாவின் அடி
கடையில் வாங்கிய அன்று போல் பளபளத்தது.
உப்பு ஜாடி இரண்டு இருந்தது.
ஒன்று சமையலுக்கு.