இடது, வலது

நோவி யிச்சின் ஊரின் விளிம்பில்
சன்னல் இல்லாத நாற்பது மீட்டர் கொட்டகை.
சுவர் கறுப்பு, கூரை கறுப்பு,
உள்ளே வருகிறவன் சட்டையும் கறுப்பாக இருக்கவேண்டும்.
அங்கேதான் மூன்று குளிர்காலம்
வெளிச்சத்தை எடைபோட்டுச் சம்பளம் வாங்கினேன்.

திட்டம் இவ்வளவுதான்:
காரின் முகத்தில் விளக்கே கிடையாது.
எஞ்சினுக்குப் பின்னால், மழை எட்டாத மூலையில்,
பட்டாணி அளவில் ஒரு வில்விளக்கு.
அதிலிருந்து இரண்டு அக்ரிலிக் தண்டுகள்
பேட்டரியைச் சுற்றி, ரேடியேட்டரில் படாமல்,
இடமும் வலமுமாய் இறங்கி
முன்னால் காத்திருக்கும் இரண்டு கிண்ணங்களில்
வெளிச்சத்தை ஊற்றும்.
இனி பல்பு மாற்ற யாரும் பனியில் குனியவேண்டாம்
என்றார் குபிச்செக். கைதட்டினோம்.

தண்டுக்குள் ஒளி போவது கண்ணுக்குத் தெரியாது.
தெரிந்தால் அது
வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.
அழகாக ஒளிரும் தண்டு தோற்றுப்போன தண்டு.
சுவரைச் சாய்ந்து உரசினால் உள்ளே திரும்பும்,
நேராய் முட்டினால் கடந்து போய்விடும்.
ஆகவே ஒவ்வொரு வளைவையும்
பின்சீட்டில் தூங்கும் குழந்தையுடன் வண்டி திருப்புகிறவள்போல
மெல்ல வளைத்தாள் திராஹோமிரா.

கிண்ணத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு முகங்கள்.
முகத்துக்கு ஒரு முகவரி எழுதினாள்:
இது, ஐம்பது மீட்டரில் வலது ஓரம்.
இது, சைக்கிள் தள்ளி வருகிறவனின் முழங்கால்.
இது, ஊர்ப்பெயர்ப் பலகை.
இது சும்மா, மான் வந்தால்.
எதிரே வருகிறவனின் கண்ணுக்கு
ஒன்றையும் அனுப்பவில்லை.
அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு துளி சிந்தினாலும்
சட்டத்துக்கு அது பிழை, அவளுக்கு மானக்கேடு.

வலது கிண்ணம் நிறைந்தது.
இடதில் நூற்றுக்கு ஆறு குறைந்தது.
ஒரே விளக்கு, ஒரே நீளம், ஒரே வார்ப்பு.
ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு.
வளைவு, என்றேன்.
திராஹோமிரா மூன்று தடவை வரைந்தாள்.
வார்ப்பு, என்றேன்.
யரோலீம் இரவெல்லாம் அச்சைத் துடைத்தார்.
முனையின் பாலிஷ், என்றேன்.
பாலிஷ் பிரிவில் யாரோ அழுததாகக் கேள்வி.
பத்தொன்பது நாள்.
அளவுமானி என் கையில் இருந்தது.
அது யார் கையில் இருக்கிறதோ அவன் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

இருபதாம் நாள் எல்லோரும் போனபிறகு
மானியின் பச்சைப் பொட்டையும் துணியால் மூடிவிட்டு
இடது தண்டின் அருகே உட்கார்ந்தேன்.
கண் பழகப் பழக
நடுத்தண்டில் ஒரு கை தெரிந்தது.
நான்கு விரல், ஒரு கட்டைவிரல்,
ரேகை ரேகையாய் எரியும் ஒளி.
கட்டைவிரலின் குறுக்கே
மத்திமீன் டப்பா கிழித்த தழும்பு.

என் கட்டைவிரலைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை.
பார்த்தேன்.

பிசுக்கு ஒட்டிய இடத்தைக்
கதவென்று எண்ணி வெளியே வந்திருக்கிறது வெளிச்சம்.
ஸ்பிரிட் நனைத்த துணி, இரண்டு இழுப்பு.
ஆறும் திரும்பி வந்தது.
நான் மட்டும் வெள்ளிக்கிழமைவரை வாய்திறக்கவில்லை.

பிப்ரவரியில் பெஸ்கிட் மலைச்சாலை.
பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு.
வெண்டெலீன் ஓட்டினான்.
மூன்றாம் வளைவில் அந்தப் பட்டாணி செத்தது.
இரண்டு தண்டும் தெளிவாக இருந்தன,
கிண்ணங்கள் பளபளவென்று இருந்தன,
ஊற்ற ஒன்றும் இல்லை.
சாலை அப்படியே இல்லாமல் போனது.
வண்டி பனியில் உரசி நின்றதும்
பின்சீட்டிலிருந்து திராஹோமிரா சொன்னாள்:
"இப்போது இடதும் வலதும் சரிசமம்."

பானட்டைத் திறந்து மூவரும் குனிந்து நின்றோம்.
கீழிருந்து ஒரு மரலாரி ஏறி வந்தது.
வளைவைத் தாண்டி அதன் விளக்கு நிமிர்ந்த கணம்,
சைக்கிள்காரனும் மானும் நிற்கவேண்டிய
அதே இடத்திலிருந்து
எங்கள் கிண்ணங்களில் விழுந்து
தண்டுகளில் எதிர்த்திசையில் ஏறி
செத்த விளக்கின் கண்ணாடியை
இரண்டு பக்கமும் தொட்டது.

யாரும் பேசவில்லை.
லாரி போயிற்று.
இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாக வந்ததுபோல் இருந்தது.
மானியைக் கொண்டுவரவில்லை,
ஆகவே சொல்லவில்லை.