கடல் பக்க இருக்கை

ரியேக்காவில் கிளம்பும்போதே
சாவியை என் கையில் போட்டுவிட்டான் திஹோமிர்.
இடது கண்ணில் அறுவை முடிந்து பதினொரு நாள்,
ஓட்டக் கூடாதாம்.
பிரிந்து ஆறு வருடமான இருவர்
ஒரே ரெனோவில் போக வேறென்ன வேண்டும்?
நாளை சாதாரில் மகளுக்குக் கல்யாணம்.

அவன் உட்கார்ந்தது என் சீட்.
இருபத்திரண்டு கோடைகள்
என் எடைக்குப் பள்ளம் விழுந்த பஞ்சு.
இரவல் சட்டை போட்டவன் மாதிரி
நெளிந்துகொண்டே வந்தான்.
பின்சீட்டில் அவன் கோட்டு
ஹாங்கரில் ஆடிக்கொண்டு,
மூன்றாவது ஆள் போல.

தெற்கே போகிறவர்களுக்குக் கடல் வலப்பக்கம்.
ஓட்டுகிறவருக்கு வளைவு, லாரி, திரும்பவும் வளைவு,
வெலெபித் மலை நேற்றிரவு உருட்டிவிட்ட கல்.
கடலைப் பார்க்க வேண்டுமானால்
பக்கத்து முகத்தைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும்.
அதனால்தான் பார்க்கவில்லை என்று
ஒருகாலத்தில் நினைத்திருந்தேன்.
மகளுக்கு யாட்ராங்கா என்று
கடலின் பெயரையே வைத்தவன்.

கிரிக்வெனிட்சா தாண்டி வாய் திறந்தான்:
"இத்தனை தண்ணியா இருந்துச்சு?"

சிரித்துவிட்டேன். இருந்தது.
கிர்க் தீவு கூடவே நடந்து வந்தது,
பிறகு களைத்துப் பின்தங்கியது.
சென் நகரத்தில் இரண்டு காபி,
தனித்தனியாகக் காசு கொடுத்தோம்.

யப்லானாட்ஸுக்கு மேலே
போலீஸ்காரன் சிவப்பு வட்டைக் காட்டினான்.
பூரா இறங்கிவிட்டது.
மலை உச்சியிலிருந்து விழுகிற காற்று அது;
லாரியைச் சாய்க்கும், மோட்டார் சைக்கிளைத் தூக்கும்,
கடலைச் சீவிப் புகையாக்கும்.
வரிசையில் நின்றோம்.
எஞ்சினை அணைத்தேன்.
கார் தொட்டிலாகிவிட்டது.

எதிரே அந்தத் தீவு.
ஒரு மரம் கிடையாது, ஒரு செடி கிடையாது.
மொட்டைத் தீவு என்றுதான் பெயரே.
அங்கே இருந்தது ஒரு சிறை.
அவன் அப்பா மூன்று வருடம்
கல்லைக் கீழிருந்து மேலே சுமந்தார்,
அடுத்த நாள் அதே கல்லை மேலிருந்து கீழே.
இது எனக்குத் தெரிந்ததே
அவர் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற
அறிமுகமில்லாத ஒரு கிழவர் சொல்லித்தான்.

இந்த இடம் வந்தால்
திஹோமிர் ஆக்சிலேட்டரை மிதிப்பான்.
ஒவ்வொரு கோடையும்.
குழந்தைக்கு வாந்தி வரும், நான் கத்துவேன்.
கார்லோபாக்கில் பொரித்த மீனுக்குப்
பறக்கிறான் என்று
என் தங்கைகளிடம் கேலி பேசியிருக்கிறேன்.
விவாகரத்து மனுவில்கூட,
கண்மூடித்தனமாக ஓட்டுவார் என்று
ஒரு வரி எழுதியிருந்தேன்.

என் கதவு திறக்கவில்லை,
மலைப்பக்கம், காற்று அணைத்துப் பிடித்திருந்தது.
அவன் கதவைத் தொட்டதுமே
கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது.
இறங்கினான்.
ஒரு கையால் காரின் கூரையைப் பற்றிக்கொண்டு,
மறு கையால் அறுத்த கண்ணைப் பொத்திக்கொண்டு
நின்றான்.
காற்று முதுகில் கை வைத்து
அந்தப் பக்கமே தள்ளியது.

எவ்வளவு நேரம், தெரியாது.
முன்னால் இருந்த காரில் ஒரு குழந்தை
கண்ணாடியில் மூக்கை அழுத்தி
இவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பி உட்கார்ந்தபோது
புருவமெல்லாம் உப்பு.
கதவைச் சாத்த மூன்று முறை இழுத்தான்.
நான் எதுவும் கேட்கவில்லை.
கைக்குட்டையைக் கொடுத்தேன்,
ஆறு வருடத்தில் நான் அவனுக்குக் கொடுத்த
வக்கீல் நோட்டீஸ் அல்லாத முதல் பொருள்.

வட்டு பச்சைக்குத் திரும்பியது.
"மெதுவா போ," என்றான்.

மணிக்கு முப்பதில் போனேன்.
பின்னால் தக்காளி லாரிக்காரன்
கார்லோபாக் வரைக்கும்
ஹாரனை அடித்துக்கொண்டே வந்தான்.