கவாத்து

சனிக்கிழமை நான்கு மணி, பெட்போர்டு சர்ச் ஹால்.
உயரப்படி நிற்கக் கூடாது, வயதுப்படியும் கூடாது,
இடுப்பில் இருக்கும் நிறப்படி.
ஆகவே மிஸ்பா எனக்கு முன்னால்.
மூன்றாம் வகுப்பு, மேல்பல் இரண்டு இல்லை, நீலப் பட்டை.
எனக்கு நாற்பத்தொன்று. பச்சை.
ஜோடி பிரித்தால் எதிரே வந்து நிற்பாள்,
'கியோங்னே' என்றதும்
அவளைவிட ஒரு விரற்கடை கூடுதலாகக் குனிவேன்.
சீனியர்.

மகளைச் சேர்க்கத்தான் வந்தேன்.
மூன்றாம் வாரம் கால் வலிக்கிறது என்று நின்றுவிட்டாள்.
மூன்று மாதக் கட்டணம் கட்டியாகிவிட்டது.

வாரம் ஆறு நாள் தூளைத் தரம் பிரிப்பவள் நான்.
சல்லடை ஆட ஆட
பருத்தது மேலே தங்கும், பொடிந்தது கீழே விழும்.
ஆகக் கடைசியில் விழுவதற்கு டஸ்ட் என்று பெயர்,
டீக்கடைக்காரர்கள் கேட்டு வாங்குவது அதைத்தான்.
அதனால் மேல் கீழ் என்றால்
எனக்கு அவ்வளவு பயமில்லை.

இங்கே தரத்துக்குக் கப் என்று பெயர்.
கொரியாக்காரர் சொல், டீயோடு சம்பந்தமில்லை என்றார் ரெஜி மாஸ்டர்.
(வயது இருபத்தாறு, செல்போன் ரிப்பேர் கடை.)
பத்தாம் கப்பில் தொடங்கி ஒன்பது, எட்டு என்று
ஏற ஏற எண் குறையும்.
மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வாந்தி வருகிற பிள்ளையிடம்
இன்னும் நாலு வளைவுதான், இன்னும் மூணுதான்
என்று சொல்லிக்கொண்டு வருவதுபோல.

உடையைத் துவைக்கலாம், பட்டையைத் துவைக்கக் கூடாதாம்.
பட்ட பாடு அதிலேயே இருக்க வேண்டுமாம்.
சரி. ஆனால் இது குன்னூர்.
ஜூலையில் ஆணியில் மாட்டினால்
ஞாயிற்றுக்கிழமைக்குள் சாம்பல் நிறத்தில் பூசணம்,
எந்தத் தேர்வும் எழுதாமல்
தானாக ஏறிக்கொள்கிற இன்னொரு தரம்.

தேர்வுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்
இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் கறுப்புப் பட்டை கட்டியிருந்தார்.
வெள்ளை எதைக் குறிக்கும்?
ஒன்றும் தெரியாததை, சார்.
மஞ்சள்?
மண்ணை. வேர் பிடிக்கிறதை.
பச்சை?
பின்னாலிருந்து மிஸ்பா காற்றில் சொல்லிக்கொடுத்தாள்:
செடி வளருது, ஆன்ட்டி, செடி வளருது.

எனக்கு வாய் வரவில்லை.
எங்க செடி வளராது, சார்.
விட்டா அது மரம். முப்பது அடி போகும்.
இடுப்புக்கு மேலே போக விட மாட்டோம்.
நாலு வருஷத்துக்கு ஒருதரம் கவாத்து,
முட்டியளவுக்கு வெட்டிடுவோம்,
மலை முழுக்க வெறும் குச்சியா நிக்கும்,
பார்க்கச் சகிக்காது.
அதுக்கப்புறம்தான் கொழுந்து.

கவாத்துன்னா போலீஸ்காரங்க பண்றதில்ல?
அதுவும்தான் சார். ரெண்டுக்கும் ஒரே சொல்லு.

அவர் எதையோ எழுதினார்.
நெடுநேரம் எழுதினார்.

பலகை முதல் உதையில் உடையவில்லை.
இரண்டாவதில் குதிகால்தான் உடைந்தது என்று நினைத்தேன்.
மூன்றாவதில் சத்தம் வந்தது,
ஹாலின் தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டதால்
எதன் சத்தம் என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

ஒரேயடியாக நீலம் இல்லை.
பச்சையின் நுனியில் ஒரு நீலக் கோடு, ஐந்தாம் கப்.
மாஸ்டர் பையிலிருந்து கரண்ட் டேப் எடுத்துப்
பல்லால் கிழித்துச் சுற்றிவிட்டார்.
மிஸ்பாவுக்குத்தான் கோபம்.
மூணு தடவை உதைச்சாங்களே, எண்ணலையா, என்று
வாசல்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை சல்லடைக்கு முன்னால்
நொண்டிக்கொண்டு நிற்கிறேன்.
பட்டை வீட்டில், அடுப்புக்கு மேல் கொடியில்.
ஈரத்துக்கு அந்த டேப் ஓரம் தூக்கும்.
ராத்திரி போய்க் கட்டைவிரலால்
ஒருதரம் அழுத்திவிட வேண்டும்.