ஐநூறு குரோனா

இரவு ஒன்பதரைக்கு எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி
எதிரணியோடு கை குலுக்கினோம்:
ரொட்டிக்கடை ஹால்வர்தூர், அவருடைய மருமகன்.
ஜூன் மாதத்து வடக்கு ஐஸ்லாந்தில்
ராத்திரி என்பது கடிகாரம் கிளப்பிவிடும் வதந்தி.

இந்த ஆட்டத்தில் ஜோடிக்கு ஒரே பந்து.
அவள் அடித்து நின்ற இடத்திலிருந்து நான்,
நான் கெடுத்து வைத்த இடத்திலிருந்து அவள்.
ஒற்றைப்படைக் குழிகளில் முதல் அடி ஸ்டெய்ன்வோருக்கு,
இரட்டைப்படை எனக்கு.
பதினோரு வருடமாய் மாறாத ஏற்பாடு.

முதல் வருடமே ஒரு சட்டம் போட்டிருந்தோம்.
மன்னிப்பு கேட்கக் கூடாது.
கேட்டால் ஐநூறு குரோனா அபராதம்,
என் காரில் உருளும் காப்பி டப்பாவுக்கு.
நான் கட்டிய அபராதத்தில்
இரண்டு முறை மீன் சூப் குடித்தாயிற்று.
அவள் ஒரு காசு போட்டதில்லை.
மணலில் பந்தைப் புதைத்துவிட்டு
பள்ளி நீச்சல்குளத்தில் குளோரின் கூடிவிட்டது
என்று பேசிக்கொண்டு நடப்பாள்.

போன பனிக்காலம்
மீன் ஆலையின் கணக்கில் எழுபது லட்சம் இடித்தது.
கணக்கு எழுதியவள் நான்.
ஒன்பது வாரம் வீட்டில் உட்காரச் சொன்னார்கள்.
எண்ணூறு பேர் இருக்கிற ஊர்,
எண்ணூறு பேரும் கணக்குப் பார்த்தார்கள்.
ஸ்டெய்ன்வோர் ஊராட்சி மன்ற உறுப்பினர்.
கூட்டுறவுக் கடையில், பால் அலமாரிக்கு முன்னால்,
என்னைப் பார்த்தாள்.
பிறகு தயிரின் தேதியைப் பார்த்தாள்.
வெகுநேரம் பார்த்தாள்.

தப்பு கணினியுடையது என்று மார்ச்சில் தெரிந்தது.
மே மாதம் அவளிடமிருந்து ஒரு வரி வந்தது:
"இந்த வருஷமும் ஆடறோம்தானே?"
ஆடுகிறோம் என்று எழுதினேன்.
வேறு எவளோடு ஆடுவது?
என் பந்து போகிற கோணலெல்லாம்
அவளுக்குத்தானே மனப்பாடம்.

பதினாறு குழி முடிந்தும் சமம்.
மணி பன்னிரண்டரை.
கடல் விளிம்பில் உட்கார்ந்த சூரியன்
இறங்குவதா ஏறுவதா என்று யோசித்துக்கொண்டிருக்க,
எங்கள் நிழல்கள் எங்களுக்கு முன்பே
கிரீனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

பதினேழாவதில் அவள் அடித்தது வலப்பக்கம் வளைந்து
எரிமலைப் பாறைக்குள் போனது.
அங்கே ஆலாக்கள் முட்டையிட்டிருந்தன.
தேடிப் போனோம்.
பாசிமேல், முட்டைபோலவே, எங்கள் பந்து.

ஆலா உச்சந்தலையைக் குறிவைக்கும்;
உயரமான எதுவோ அதைத்தான் கொத்தும்.
நான் குனிந்து பந்துக்குமுன் நின்றேன்.
ஸ்டெய்ன்வோர் எனக்குப் பின்னால் வந்து
தன் மட்டையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள்,
கொடிக்கம்பம் மாதிரி.
கிறீச்சென்று இறங்கின பறவைகள்.
ஒன்று மட்டையைக் கொத்தியது.
ஒன்று அவள் விரலை.
அவள் கையை இறக்கவில்லை.
அந்த இரைச்சலுக்கு நடுவில்,
என் முதுகைப் பார்த்துச் சொன்னாள்:
"மன்னிச்சிடு."

எதற்கு என்று நான் கேட்கவில்லை.
அடித்தேன்.
பந்து பாறையில் பட்டு
என் முழங்காலை உரசிப் பின்னால் ஓடியது.
சேதம் அப்படியொன்றும் புதிதல்ல.

அந்தக் குழி போயிற்று.
பதினெட்டாவதில் சரிக்குச் சரி.
ஒரு குழி வித்தியாசத்தில் தோற்றோம்.
ஹால்வர்தூர் தொப்பியைக் கழற்றிக் கை கொடுத்து,
நாளைக் காலை வந்தால் ஏலக்காய் ரொட்டி இலவசம் என்றார்.
மருமகன் அப்போதும் தன் புட்டை
காற்றில் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காரில் அவள் டப்பாவைத் திறந்தாள்.
ஐயாயிரத்துத் தாள் ஒன்றை மடித்துப் போட்டாள்.
"ஒரு தடவைக்கு ஐநூறுதான்," என்றேன்.
"மீதி நாலாயிரத்து ஐநூறு தரணும்."
"வேண்டாம்," என்றாள். "ஒன்பது வாரத்துக்கு."

ஒன்பது ஐநூறு.
கணக்கு சரியாகத்தான் இருந்தது.
இருந்தும் வீடு வரை
மனசுக்குள் இன்னொரு முறை கூட்டிப் பார்த்தேன்.
பக்கத்தில் அவள்
ரத்தம் கசியும் விரலை வாயில் வைத்துக்கொண்டு
நீச்சல்குளத்துக் குளோரின் பற்றி
ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள்.