தேதி இருக்கும் பக்கம்

பெரம்பூர், பேப்பர் மில்ஸ் ரோடு.
மருந்துக் கடையில் நான் நிற்கும் இடத்தில்
மொசைக் தேய்ந்து இரண்டு குழி.
பதினோரு வருஷம்.

முழு அட்டை வாங்குகிறவர்கள் எதுவும் கேட்பதில்லை.
இரண்டு மாத்திரை வாங்குகிறவர்கள்தான் கேட்பார்கள்:
"இது போட்டா தெம்பு வருமா?"

வரும் என்று சொல்லத்தான் சம்பளம்.

கத்திரி வெயில்.
உருகிய தாரில் ஒட்டிக்கொண்டு
நடுரோட்டில் ஒற்றைச் செருப்பு.
அந்த நேரத்தில் ஹெல்மெட்டோடு வந்தான் டெலிவரி பையன்.
அண்ணா நகர் ஃபிளாட்டுக்கு வைட்டமின் டி, நான்கு பாக்கெட்.
டி என்றால் என்னக்கா என்றான். சொன்னேன்.
"அடப்பாவிங்களா, வெயிலயா
நான் தூக்கினு போறேன்?"
தண்ணீர் கேட்டான். அரை பாட்டில் குடித்துவிட்டு
மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டான்.

போன தீபாவளிக்கு குஷால்சந்த் சேட்
போனஸோடு ஒரு பையும் கொடுத்தார்.
ஜனவரியில் காலாவதியாகும் மல்டிவிட்டமின், ஒன்பது அட்டை.
கம்பெனி திரும்ப எடுக்காதாம்.
பின்பக்கம் பொடி எழுத்தில் இருபத்து மூன்று பெயர்கள்,
கல்யாணப் பத்திரிகையில்
'தங்கள் நல்வரவை விரும்பும்' பட்டியல் மாதிரி.
பெரியப்பா சித்தப்பா எல்லோரும் இருப்பார்கள்,
பந்தியில் சாம்பார் வாளி தூக்க ஆள் இருக்காது.

தொண்ணூறு நாள் போட்டேன்.
மூத்திரம் மட்டும் சாமந்தி மஞ்சளில் ஜொலித்தது.
வீட்டு மாடிப்படி பதினெட்டு
பதினெட்டாகவே இருந்தது,
பன்னிரண்டாவதில் அதே மூச்சிரைப்பு.

பிறகு கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள்.
எட்டு புள்ளி இரண்டு.
எனக்கு வேண்டியிருந்தது இரும்பு.
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
அந்தப் பெயரை மட்டும் அழைக்கவே இல்லை.
ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து
ஒரு நர்ஸ், முகத்தைக்கூடப் பார்க்காமல்,
துருவின் நிறத்தில் முப்பது மாத்திரையை
என் கையில் கொட்டினாள். காசு இல்லை.

அன்றிலிருந்து நாக்கு நுனியில் ஒரு வாக்கியம்.
ஒருநாள் எத்திராஜுலு சாரிடம் சொல்லியே விட்டேன்.
லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.
பத்து நாளைக்கு ஓர் அட்டை,
சரியாக எண்ணிய சில்லறை.
சேட் போனில் பேசிக்கொண்டிருந்தார்.
"உங்களுக்கு இது வேணாம் சார்.
இந்தக் காசுக்கு கொய்யாப்பழம் வாங்கிச் சாப்பிடுங்க."

கோபப்படவில்லை.
"தெரியும்மா. டாக்டரும் அதான் சொன்னாரு."
மஞ்சப்பையிலிருந்து ஏழு அறை டப்பாவை எடுத்துவைத்தார்.
"சங்கு ஊதுனா எந்திரிச்சு ஓடுனவன்.
இப்ப எனக்கு ஊதறதில்ல.
செவ்வாக்கெழம அறை காலியா இருந்தா
இன்னிக்கு புதன். அதுக்குத்தான்."

இதற்கு என்ன கீரையைச் சொல்வேன் நான்?

அட்டையைக் கொடுத்தேன்.
டப்பாவை மூடும்போது
ஒவ்வொரு மூடியும் தனித்தனியாக 'டக்' என்றது.

இப்போதெல்லாம் ஒன்று செய்கிறேன்.
இரண்டு கேட்டு வருகிறவர்களுக்கு
தேதி அச்சடித்த பக்கமாக வெட்டிக் கொடுக்கிறேன்.
"மிச்சத்த எவன் வாங்குவான்?" என்று கத்துகிறார் சேட்.
மிச்சம் டிராயரில்
வயசு தெரியாமல் கிடக்கிறது.

ராத்திரி ஒன்பதரைக்குக் கடை அடைப்பு.
வழியில் முருங்கைக் கீரை, பத்து ரூபாய்க்கு ஒரு கட்டு.
ஆய்ந்து முடிக்க முக்கால் மணி நேரம்.
அந்த முக்கால் மணி நேரத்தை
எந்தக் கம்பெனியும் இன்னும் அட்டையில் போடவில்லை.
துணியில் சுற்றி வைத்தால் காலையில் தானாக உதிரும் என்று
எதிர்வீட்டு மெஹருன்னிசா சொல்லியிருந்தாள்.
சுற்றிவைத்துவிட்டு
இரும்பை விழுங்கிப் படுத்தேன்.

காலையில் பிரித்தேன்.
பாதி உதிர்ந்திருந்தது,
பாதி மஞ்சள்.