கரிச்சட்டி வெளியே

மூணாறு தாண்டிக் குண்டளை. சனவரி.
கொழுந்தின் மேல் உறைபனி இறங்கும் நேரம்.

கரிச்சட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளப் பார்க்கிறான் சவரிராயன்.
"ஒரு ராத்திரிதானே, லூர்து."

மூணாம் லயத்தில் போன வருசம்
அதுவும் ஒரு ராத்திரிதான்.
பெரட்டுக்கு வராத இரண்டு பேரைக்
கதவுடைத்துப் பார்த்தபோது
கரியில் மட்டும் கொஞ்சம் சூடு மிச்சமிருந்தது.

சட்டியை நானே தூக்கி வாசலில் வைக்கிறேன்.
அவன் முறைப்பு முதுகில் படுகிறது;
அதுவும் ஒரு கணப்புதான்.

தண்ணீர் தளதளக்குமுன் இறக்கி
ரப்பர் பையில் முக்கால் ஊற்றி
காற்றைப் பிதுக்கி மூடியைத் திருகி
கவிழ்த்து ஒருமுறை குலுக்கிப் பார்த்து
அவனுடைய ஒற்றை சாக்ஸுக்குள் நுழைக்கிறேன்.
ஜோடி எங்கே போனதென்று கேட்கவேண்டாம்.

சன்னல் இடுக்கில் திணித்த மலையாளப் பேப்பரில்
ஒரு தாளை மட்டும் உருவுகிறேன்.
பனி வந்தால் வரட்டும்,
மூச்சுக்கும் வழி வேண்டும்.

சண்டை போட்டவனின் கால்
இருட்டில் எதையோ துழாவுகிறது.
பையையா, என் பாதத்தையா?
கிடைத்துவிட்டது போல,
குறட்டை.

வாசலில்
அவிந்துகொண்டிருக்கும் கரியை ஒட்டி
யார் வீட்டு நாயோ சுருண்டிருக்கிறது,
மொத்த வானத்தையும்
சன்னலாகத் திறந்து வைத்துக்கொண்டு.